தத்துப் போகாத நாய் எங்கே வாழ்வது?

தத்து முகாம் முடிந்து பந்தலைப் பிரிக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள். குட்டிகள் எல்லாம் யார் யார் மடியிலோ ஏறிப் போயிருக்கும். மிச்சம் நிற்பவை சில: முகமெல்லாம் நரைத்த கிழட்டு லாப்ரடார், பின்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு நகரும் நாட்டு நாய், ஆள் நிழல் பட்டாலே மூலையில் ஒடுங்குகிற ஒன்று, இரண்டு வீடுகளில் கடித்துவிட்டுத் திரும்பி வந்த இன்னொன்று. அடுத்த முகாமிலும் இவற்றையே பார்ப்பீர்கள்.

"ஏதாவது நல்ல காப்பகத்தில் விட்டுவிடலாமே" என்று இவற்றை ஒரே கூட்டமாக நினைத்துச் சொல்லிவிடுகிறோம். நான்கும் நான்கு விதமான சிக்கல்.

பிடித்த தெருவிலேயே திரும்ப விடுவது இந்தியாவில் சட்டம் காட்டும் முதல் வழி. 2001-இல் வந்து 2023-இல் மாற்றி எழுதப்பட்ட கருத்தடை விதிகளின் அடிப்படையே அதுதான்: அறுவை சிகிச்சை, வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு அதே இடம். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கேயே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது தனி. உடல் நலமுள்ள நாட்டு நாய்க்குத் தெரு நல்ல வழிதான். தெரிந்த டீக்கடை, தெரிந்த திண்ணை. மூன்று காலோடுகூடச் சமாளித்துக்கொள்ளும். வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்ட லாப்ரடார் சமாளிக்காது. அதற்கு லாரிக்கு ஒதுங்கத் தெரியாது. அந்தத் தெரு நாய்களும் அதைச் சேர்க்காது.

கருணைக்கொலைக்கு, குணப்படுத்த முடியாத நோயோ பிழைக்க வழியில்லாத காயமோ இருந்தால்தான் அந்த விதிகள் இடம் தருகின்றன. தீராத வலியில் கிடக்கும் நாயைப் படம் எடுத்து நன்கொடை கேட்பவரைவிட, ஊசி போடச் சம்மதிக்கிற மருத்துவரை நான் மதிக்கிறேன். ஆனால் பயப்படுகிறது, கடிக்கிறது என்பதற்கும் ஊசிதானா?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மைக்கேல் விக்கின் நாய்ச்சண்டைக் கூடம் 2007-இல் வர்ஜீனியாவில் பிடிபட்டபோது, ஏறத்தாழ ஐம்பது பிட்புல் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டைக்குப் பழகியவை திருந்தாது, கொன்றுவிடுவதே மேல் என்று விலங்கு நல அமைப்புகளிலேயே சில வாதிட்டன. நீதிமன்றமோ ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதிக்க வைத்தது. பராமரிப்புக்காக விக் சுமார் 9,28,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. மிகவும் சிக்கலானவை என்று கருதப்பட்ட 22 நாய்கள், 2008 ஜனவரியில் யூட்டா மாநிலம் கனாபில் உள்ள பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் காப்பகத்துக்குப் போயின. அவற்றில் பல பின்னாளில் வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தன!

இரண்டு நாய்களுக்கு மட்டும் ஆயுள் முழுவதும் காப்பகம்தான் என்று தீர்ப்பிலேயே இருந்தது. ஒன்று மெரில், அறிமுகமில்லாதவரை அண்டவிடாத நாய். தெரிந்த நான்கைந்து முகங்கள், தினமும் ஒரே நேரத்தில் சோறு, பழகிய வேலி என்ற வாழ்க்கை அதற்குப் பொருந்தியது. மற்றது லூகாஸ். சண்டையில் சாம்பியன், மனிதர்களிடமோ குழைந்து நிற்கும். ஒரு வீட்டின் சோபாவில் படுத்திருக்கவேண்டிய நாய் என்றே அதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும். ஒரே தீர்ப்பு மெரிலுக்கு அடைக்கலமானது, லூகாஸுக்குக் கொஞ்சம் சிறையாகவும் ஆனது.

கிழட்டு நாய்க்கு வேறொரு வழி இருக்கிறது. டென்னசியில் மவுன்ட் ஜூலியட் ஊரில் 2012-இல் தொடங்கிய ஓல்டு ஃப்ரெண்ட்ஸ் என்ற முதிய நாய்களுக்கான காப்பகம், தன் நாய்களில் பலவற்றைப் பக்கத்து ஊர் வீடுகளில் வாழ வைக்கிறது. நாய் காப்பகத்தின் பொறுப்பில், மருத்துவச் செலவும் காப்பகத்துடையது; வீடும் மடியும் வளர்ப்பவருடையவை. பத்து வயது நாயை ஏற்கத் தயங்குபவர்களைக் கேட்டுப் பாருங்கள், பலர் அஞ்சுவது மருத்துவமனை பில்லுக்குத்தான். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் கதவு திறக்கிறது. வளர்ப்பவர் ஊர் மாறினால் என்ன செய்வது என்ற தொல்லை உண்டு. இருந்தும் முதிய நாய்க்கு நான் காப்பகத்தைவிட இதையே தேர்வேன். சென்னையிலோ கோவையிலோ இதைச் செய்ய ஏக்கர் கணக்கில் நிலம் தேவையில்லை, பில்லைக் காப்பகத்தின் கணக்கில் எழுதிக்கொள்கிற ஒரு கால்நடை மருத்துவர் போதும்.

பின்கால் செயலிழந்த நாய் விஷயத்தில் என் முடிவு தலைகீழ். நாளுக்குப் பல முறை சிறுநீர்ப்பையை அழுத்திக் காலி செய்ய வேண்டும். புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும். சக்கர வண்டியில் நாள் முழுக்க விட்டுவிடவும் முடியாது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இது ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். முறை வைத்து ஆள் மாறும் காப்பகம்தான் சரி.

ஆனால் எந்தக் காப்பகம்? நாயையும் 5,000 ரூபாயையும் வாசலில் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. சோற்றுக்கு நாளுக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு 21,900. இரண்டு வயது நாய் இன்னும் பத்து வருடம் இருந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும், மருந்தைச் சேர்க்காமலே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த காப்பகம், "இப்போது இடமில்லை" என்று சொல்லியே தீரும். கேட்டவுடன் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும் இடத்தைத்தான் நான் சந்தேகிப்பேன். கூட்டம் நெருக்கினால் பயந்த நாய் சோற்றுத் தட்டுக்கே வராது.

கடித்த நாயை விடப் போகிறவர்கள் அங்கே மூன்றைப் பாருங்கள்: நாய் தப்பாதபடி இரட்டைக் கதவு இருக்கிறதா, இரவில் யார் தங்குகிறார்கள், கடைசி வரிசைக் கூண்டு நாயின் பெயர் பராமரிப்பாளருக்குத் தெரிகிறதா. உங்கள் நாய் எந்தெந்த வீட்டில், எப்போது, யாரை, எதனால் கடித்தது என்பதை ஒன்று விடாமல் எழுதிக் கொடுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்த கடி சோறு வைக்கிறவருக்கு விழும்.