ஆள் மாறும்போது குழு என்ன ஆகிறது? வெதர் ரிப்போர்ட்டும் ஸ்நார்க்கி பப்பியும்

ஜாஸுடன் ராக் போன்ற இசைகளைக் கலக்கும் ஜாஸ் ஃப்யூஷனில் ஆட்கள் மாறாத குழு அபூர்வம். மாற்றத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்பதில்தான் வெதர் ரிப்போர்ட், ஸ்நார்க்கி பப்பி என்ற இந்த இரண்டு குழுக்களும் பிரிகின்றன.

வெதர் ரிப்போர்ட் 1970-இல் தொடங்கி 1986 வரை நீடித்தது. கீபோர்டில் ஜோ ஜாவினுல், சாக்ஸபோனில் வெய்ன் ஷார்ட்டர்: இந்த இருவர் மட்டும் அசையாத தூண்கள். பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் கம்பி வாத்தியம்) வாசிக்க மிரோஸ்லாவ் விட்டூஸ், அல்ஃபான்சோ ஜான்சன், ஜாக்கோ பாஸ்டோரியஸ், விக்டர் பெய்லி என ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஒவ்வொரு வரவிலும் குழுவின் குரலே மாறியது. 1977-இல் வெளியான 'பேர்ட்லேண்ட்' என்ற இசைப்படைப்பின் தொடக்கத்தைக் கேளுங்கள். பேஸ் கம்பியை லேசாகத் தொட்டு மீட்டி, ஹார்மோனிக்ஸ் எனும் உச்ச ஒலிகளை எழுப்பி ஜாக்கோ மெட்டை வாசிக்கும்போது, அது கிட்டார் என்றே காது நம்பிவிடும். அவர் விலகியபின் அந்த இடம் நிரம்பவேயில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்நார்க்கி பப்பியை 2004-இல் டெக்சஸின் டென்டனில் பேஸ் கலைஞர் மைக்கேல் லீக் தொடங்கினார். பெரிய இசை வெளியீட்டு நிறுவனங்களை நம்பாமல் வளர்ந்த குழு. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் சுழற்சியில் வருவதால் ஒருவர் இல்லாவிட்டாலும் மேடை காலியாவதில்லை. 2013-இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் ரசிகர்களைச் சுற்றிலும் அமரவைத்து, ஹெட்ஃபோன் கொடுத்து, நேரடியாகவே ஒரு இசைத் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். அதில் 'லிங்கஸ்' என்ற படைப்பின் நடுவே கோரி ஹென்றியின் கீபோர்டு ஏறிக்கொண்டே போக, சக கலைஞர்கள் வியந்து சிரிக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஒரு தனிக்குரலின் ஆழம் வேண்டுமென்றால் முன்னது. கூட்டாக வாசிக்கும் மகிழ்ச்சி வேண்டுமென்றால் பின்னது. நான் இன்னும் ஜாக்கோ பக்கம்தான்.