டர்போ எனக்கு, டிக்கி வீட்டுக்கு: டீசல் ஸ்விஃப்டோடு சில வருஷங்கள்

நான் வாங்கிய கார் வேறு, வீட்டார் உட்கார்ந்து வரும் கார் வேறு. ஆர்சி புக் மட்டும்தான் ஒன்று.

என்னுடையது 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட், 2014 மாடல் டீசல். 1248 சிசி, 190 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). ஃபியட் உருவாக்கிய எஞ்சின். இதே எஞ்சின்தான் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் ஓடியது. நிமிடத்துக்கு 2000 சுற்று (ஆர்பிஎம்) வரைக்கும் சாதுவாக இருக்கும். அதைத் தாண்டியதும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ விழித்துக்கொண்டு முதுகை சீட்டோடு அழுத்தும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகத்தான் வாங்கினேன். ஆனால் கடலூர் லாரன்ஸ் ரோட்டில், பூக்கடைக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில், 2000-ஐ எங்கே தொடுவது? முதல் கியர், இரண்டாவது கியர், கிளட்ச், மறுபடி முதல் கியர். இடது முழங்கால்தான் பாவம்.

ஆல்பேட்டை தாண்டி புதுச்சேரி ரோட்டில் ஏறினால் கொஞ்சம் மிதிக்கலாம். மிதித்தால் பின்சீட்டிலிருந்து அம்மா, "ஏண்டா, யாராவது தொரத்துறாங்களா?" என்பார். மனைவி வாயே திறக்க மாட்டாள். மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடிப்பாள். அறுபதில் இரண்டு விரல், எண்பதில் முழுக் கை. ஸ்பீடாமீட்டரைக் குனிந்து பார்க்க வேண்டிய வேலையே இல்லை.

மைலேஜ் லிட்டருக்கு 22.9 கிலோமீட்டர் என்று, வண்டிகளைச் சோதிக்கும் அராய் (ARAI) அமைப்பின் சான்றிதழ் சொல்கிறது. ஊருக்குள் அதெல்லாம் கனவு. நெடுஞ்சாலையில் அம்மா கூட வந்தால் மட்டும் அதற்குப் பக்கத்தில் போகும். ஆள் ஏறினால் மைலேஜ் கூடும் வண்டி உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்.

டிக்கி 204 லிட்டர். எங்கள் வீட்டில் லிட்டர் கணக்கு செல்லாது, பண்ருட்டிப் பலாப்பழக் கணக்குதான். சுமாரான பழமென்றால் இரண்டு படுக்கும், ஓரத்தில் முந்திரிப் பையைச் செருகலாம். சீசனில் மாமியார் வெறும் டிக்கியோடு அனுப்பவே மாட்டார். பழத்தை இறக்கினாலும் வாசனை இறங்காது. ஒருமுறை புதுச்சேரியில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, செக்போஸ்டில் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்க டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததும் காவலர் ஒரு அடி பின்னால் போனார். அம்மா கண்ணாடியை இறக்கி, "பண்ருட்டிப் பழம் தம்பி, போன வாரமே எறக்கியாச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை.

பராமரிப்பு பெரிய தொல்லை இல்லை. டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். டர்போ அதைத்தான் நம்பி இருக்கிறது. நம் ஊர் உப்புக்காற்றுக்கு அடிப்பக்கத்தை அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சில்வர் பீச் போய் வந்தால் அன்றைக்கே.

மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது, ஆட்டோமேட்டிக் பெட்ரோலுக்கு மாறிவிடுங்கள் என்கிறான் மச்சான். முழங்கால் சம்மதிக்கிறது, மனசு சம்மதிக்கவில்லை.

ஏனென்றால் நான் தனியாக ஓட்டக் கிடைக்கும் ஒரே சாக்கு டீசல். புதுச்சேரி எல்லைக்குள் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. "போட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பி, ரெட்டிச்சாவடி தாண்டி ரோடு காலியாக இருந்தால் மூன்றாவது கியரில் ஒரு மிதி. போகவர ஆகும் டீசலைக் கழித்தால் மிச்சம் டீக்காசுதான் என்று மனைவி எப்போதோ கணக்குப் போட்டுவிட்டாள். போன தடவை கேள்வியை மாற்றினாள்.

"எல்லை தாண்டினதுமே பங்க் இருக்கே, நீங்க ஏன் தவளக்குப்பம் வரைக்கும் போறீங்க?"

"அங்க டீசல் நல்லா இருக்கும்."

"அப்படியா? சரி, அடுத்த தடவ நானும் வரேன். எப்படி நல்லா இருக்குன்னு பாக்கலாம்."

டீசல் முள் இப்போது பாதிக்கும் கீழே நிற்கிறது. பக்கத்து வேலைக்கெல்லாம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கிறேன்.