இரண்டு நாள் பால்நிலைப் பாதீட்டுச் செயலமர்வு: 1,500 ரூபாவுக்குப் பெறுமதியா?

முதலிலேயே புள்ளியைப் போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. இரண்டாம் நாள் காலையை மட்டும் தனியாக எடுத்தால் ஐந்துக்கு ஐந்து. முதல் நாள் பின்னேரத்துக்குப் புள்ளி போட எனக்குத் தகுதியில்லை, பாதி நேரம் நான் நித்திரை.

எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் பொருளாளர். கணக்குப் புத்தகம் என் கையில் இருப்பதால் பாதீடு, நிதி என்ற சொல் வருகிற கூட்டம் எங்கே நடந்தாலும் தலைவி அக்கா என்னைத்தான் அனுப்புவார். இந்த முறை வாட்ஸ்அப்பில் வந்த அறிவித்தல் இப்படி: உள்ளூராட்சி மட்டத்தில் பால்நிலைசார் பாதீடு (சபையின் காசு ஆணுக்கும் பெண்ணுக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்த்துப் பாதீடு போடுவது), இரண்டு நாள், யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு மண்டபம், பதிவுக் கட்டணம் 1,500 ரூபா, சாப்பாடும் தேத்தண்ணியும் உட்பட, சான்றிதழ் வழங்கப்படும். நடத்தியவர்களின் பெயரை எழுதவில்லை. இதே மாதிரிச் செயலமர்வு நடத்துகிற ஆட்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள், நான் சொல்லப்போகிற குறைகளும் பலருக்குப் பொருந்தும்.

எட்டரைக்குத் தொடக்கம் என்று போட்டிருந்தார்கள். பெண்களைக் கூப்பிட்டு நடத்துகிற கூட்டத்துக்கு எட்டரை என்று நேரம் குறித்தவர் யார் என்று எனக்குத் தெரிய ஆசை. சின்னப்பிள்ளை வைத்திருப்பவள் முன்பள்ளி திறக்க முதலே பஸ் ஏற வேண்டும், மத்தியானம் முன்பள்ளி விடுகிற நேரத்தில் பிள்ளையைக் கூட்டிவர ஆள் பிடிக்க வேண்டும். விழுந்தடித்து எட்டரைக்குப் போனால் குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, இன்னொரு வரவேற்புரை என்று ஒன்பதே முக்காலுக்குத்தான் முதலாவது ஸ்லைட் விழுந்தது. முடிவு மாலை ஐந்து மணி. எங்கள் பக்கம் ஆறரைக்குப் பிறகு பஸ் இல்லை. முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் போதும்: "பெண்களின் ஊதியமற்ற நேரத்தைத் திட்டமிடலில் கணக்கில் எடுத்தல்" என்று திரையில் ஓடிக்கொண்டிருக்க, பின்வரிசையில் இருந்த ஏழெட்டுப் பெண்கள் ஒவ்வொருவராகக் கைப்பையை எடுத்துக்கொண்டு பின்கதவால் போனார்கள். பேசிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு தங்கச்சி மூன்று வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தாள். பிள்ளைக்கு ஒரு பாயும் ரெண்டு பொம்மையும் வைக்கிற செலவு, அந்த மேடைப் பூ அலங்காரத்தில் கால்வாசி வருமா?

அடுத்தது மொழி. "பால்நிலைப் பிரதான நீரோட்டப்படுத்தல்" என்று ஒரு தலைப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் சந்தையில் மரக்கறி விற்கிற அன்ரி. மெல்லக் காதுக்குள் கேட்டார், "பிள்ளை, நீரோட்டம் எண்டால் வாய்க்கால் வெட்டுறதோ?" நான் சிரித்ததில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. ஆனால் அன்ரியில் என்ன பிழை? ஒரு திட்டத்தைத் தொடங்கும்போதே இது ஆணுக்கும் பெண்ணுக்கும் எப்படி எப்படிப் போய்ச் சேரும் என்று பார்க்கிறது என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அந்தச் சொல்லைச் சொல்லி முடிக்கவே வளவாளருக்கு மூச்சு வாங்கியது.

முதல் நாளில் உருப்படியாக இருந்தது வெளிநாட்டுக் கதைகள். அவுஸ்திரேலியாவில் 1984இலேயே பாதீட்டோடு சேர்த்துப் பெண்களுக்கான அறிக்கை போட்டிருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் 1995இல் பாராளுமன்றக் குழுவும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கினார்கள். இந்தியாவில் 2005-06 தொடக்கம் மத்திய பாதீட்டோடு தனி அறிக்கை வருகிறது, முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதியில், 30 வீதமாவது பெண்களுக்குப் போகிறவை இன்னொரு பகுதியில். எனக்கு மிகவும் பிடித்தது பிலிப்பைன்ஸ் கதை. அங்கே ஒவ்வொரு அரச அலுவலகமும் பாதீட்டில் குறைந்தது 5 வீதத்தைப் பால்நிலை வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம். சில அலுவலகங்கள் அந்தக் காசில் பெண் ஊழியர்களுக்கு நடன வகுப்பு நடத்திக் கணக்கை முடித்தனவாம். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. சிரித்துவிட்டு எங்கள் ஊர் மகளிர் தின விழாச் செலவை நினைத்ததும் நான் அடங்கிவிட்டேன்.

சுவீடனில் பனி வழிக்கிற கதையும் வந்தது, இந்த மாதிரிச் செயலமர்வுகளில் அது தவறாமல் வரும்போல. கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் முதலில் பெருந்தெருவில் பனியை வழித்துவிட்டு நடைபாதையைக் கடைசிக்கு விட்டிருக்கிறார்கள். காரில் போவோரில் ஆண்கள் கூட, நடந்து போவோரில் பெண்கள் கூட, வழுக்கி விழுகிறவர்களும் நடந்து போவோர்தான். வரிசையைத் திருப்பிப் போட்டார்கள். நல்ல கதைதான். ஆனால் எங்களுக்குப் பனி என்றால் மார்கழியில் தலைக்குத் துவாய் கட்டுகிற பனி. இதையே கார்த்திகை மழையில் வைத்துச் சொல்லியிருக்கலாம்: பெரிய வீதிக்குத் தார் போட்டு வடிகாலும் கட்டிவிடுவோம், அந்தத் தண்ணீர் போய் நிற்பது ஒழுங்கையில், அந்த ஒழுங்கையால் பிள்ளையைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு முன்பள்ளிக்குப் போவது தாய். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் பார்க்கிற காட்சி இது, அதற்கு சுவீடன் வரைக்கும் போகத் தேவையில்லை.

சரி, இரண்டாம் நாள் காலை. இதற்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்.

அன்று வந்தவர் ஓய்வுபெற்ற கணக்காளர், அறுபது தாண்டிய அம்மா. ஸ்லைட் இல்லை, மைக்கும் வேண்டாம் என்றார். ஆளுக்கொரு தாளும் இரண்டு நிறப் பேனையும் தந்தார். தாளில் ஒரு கற்பனைப் பிரதேச சபையின் மூலதனச் செலவு, மொத்தம் 40 மில்லியன் ரூபா. வீதிகளுக்கு 22 மில்லியன், மைதானத்துக்கு 4 மில்லியன், வீதி விளக்குக்கு 3 மில்லியன், சந்தைப் பராமரிப்புக்கு 25 இலட்சம் என்று போய், அடியில் "மகளிர் அபிவிருத்தி" 5 இலட்சம். இதில் பெண்களுக்கான காசு எவ்வளவு என்று கேட்டார். எல்லோரும் ஒரே குரலில் 5 இலட்சம் என்றோம். நானும்தான், கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறவள். 40 மில்லியனில் அது ஒன்றேகால் வீதம்.

"அப்ப மிச்சம் முப்பத்தொன்பதரை மில்லியனும் ஆருக்கு?" என்றார் அம்மா.

அந்தக் கேள்வியோடு அடுத்த இரண்டரை மணித்தியாலம் போனதே தெரியவில்லை. அந்த 5 இலட்சத்தில் தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும்தான் வரும், அது எங்களுக்குத் தெரியும். எங்கள் கிராமத்தில் தையல் இயந்திரம் நிறைய வீட்டில் துணி போர்த்தி நிற்கிறது, தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை. அம்மா எங்களை அந்த வரியை விட்டுவிட்டு மேலே ஏறச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் நேரே, இதை யார் பாவிக்கிறார், எத்தனை மணிக்கு, யார் கேட்டு வந்தது என்று எழுத வேண்டும். மைதானம்: பின்னேரம் உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும், வலைப்பந்துக்குக் கோடுகூட இல்லை. வீதி விளக்கு: சந்தியிலும் கோயிலடியிலும் நெருக்கமாக, ரியூசன் விட்டுப் பெண்பிள்ளைகள் திரும்புகிற பனங்காணிப் பக்கம் ஒன்றுமில்லை. தாள் கற்பனைத் தாள்தான், ஆனால் எழுதியவர்கள் எல்லோரும் அவரவர் ஊரைத்தான் எழுதினார்கள்.

சபைக்குப் புதிதாகத் தெரிவான இளம் உறுப்பினர் ஒருவர் பொறுக்க முடியாமல் எழும்பினார். "அம்மா, றோட்டுக்கு ஆம்பிளை பொம்பிளை எண்டு இருக்கோ?"

"றோட்டுக்கு இல்லைத் தம்பி. உம்மட வட்டாரத்தில எந்த றோட்டு முதல் போடுறது எண்டு ஆர் முடிவெடுத்தவை? அந்தக் கூட்டம் எத்தனை மணிக்கு வைச்சனீங்கள்?"

தம்பி யோசித்துவிட்டு, "இரவு ஏழரை, வாசிகசாலையில" என்றார். எத்தனை பெண்கள் வந்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை. தம்பியே உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் சந்தை வரி. 25 இலட்சத்தின் விபரம் பின்பக்கத்தில் இருந்தது: கூரை, பெயின்ற், மதில், நுழைவாயில் பெயர் வளைவுக்கு மட்டும் 6 இலட்சம். அதுவரை வாயே திறக்காத மரக்கறி அன்ரி கையைத் தூக்கினார். "நான் விடிய மூண்டரைக்கு எழும்பிச் சந்தைக்குப் போறன். மத்தியானம் வீட்ட வரும்வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி வாயில வைக்கிறேல்லை." ஏன் என்று கேட்டார் அம்மா. மலசலகூடத்துத் திறப்பு குத்தகைக்காரரின் ஆளிடம் இருக்கிறதாம், அவர் தேத்தண்ணிக் கடையில் இருப்பாராம். "ஒவ்வொரு தரமும் அவ்வளவு ஆம்பிளையளுக்கு முன்னால போய்த் திறப்புத் தாங்கோ எண்டு கேட்கோணும். அதுக்குத் தண்ணி குடியாமல் இருக்கலாம்." உள்ளே கொண்டியும் இல்லை, லைற்றும் இல்லை. பதினொரு வருடமாக இப்படி. அம்மா ஒன்றும் பேசாமல் தன் தாளில் பெயர் வளைவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

பிறகு வருமானப் பக்கம் போனார். இதை நான் எங்கேயும் கேட்டதில்லை. சந்தையைச் சபை குத்தகைக்கு விடுகிறது, குத்தகைக்காரர் வியாபாரிகளிடம் நாள்வாடகை வாங்குகிறார். அன்ரி ஒருநாளும் பாக்கி வைக்க முடியாது, காசு கொடுத்தால்தான் கடகம் இறக்கலாம். அதே தாளில் சோலைவரி (வீடு, கட்டடங்களுக்குச் சபை அறவிடுகிற வரி) நிலுவை ஒரு பெரிய தொகை, வருடக்கணக்காக அறவிடாமல் கிடக்கிறது. நிலமும் மாடிக்கட்டடமும் யார் பெயரில் இருக்கின்றன, நாள்வாடகை யார் கையிலிருந்து போகிறது என்று பார்க்கச் சொன்னார். வரியிலும் பால்நிலை இருக்கிறது என்பதற்கு நாட்டு மட்டத்தில் ஒரு உதாரணம் சொன்னார்: 2018 வரை, இறக்குமதியாகும் மாதவிடாய் அணையாடைக்கு எல்லா வரியும் சேர்த்து 100 வீதத்துக்கு மேல். ஒரு பெட்டி வாங்கினால் இன்னொரு பெட்டி விலை அரசாங்கத்துக்கு. அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட மேசையில் எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள் என்று யாரோ கேட்க, பேச்சு உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீட்டுக்குப் போனது. 2016இல் சட்டம் திருத்தி, 2018 உள்ளூராட்சித் தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது, அதற்கு முன் நாடு முழுவதும் இந்தச் சபைகளில் பெண்கள் இரண்டு வீதம் அளவில்தான். இப்போது கதிரை கிடைத்துவிட்டது. ஆனால் வந்திருந்த ஒரு பெண் உறுப்பினர் சொன்னார், முதல் வருடம் பாதீட்டுப் புத்தகம் கைக்கு வந்து இரண்டாம் நாள் வாக்கெடுப்பாம், கட்சி சொன்னபடி கையைத் தூக்கினாராம். "உள்ளுக்கு என்ன கிடந்தது எண்டு இண்டைக்குத்தான் பார்க்கத் தெரியுது."

இவ்வளவு நல்ல காலைக்குப் பிறகு பின்னேரத்தைக் கெடுத்தார்கள். "செயற்றிட்டம்" என்று குழுக்களாகப் பிரித்து, பெரிய தாளில் மார்க்கரால் எழுதவைத்து, சுவரில் ஒட்டி, எல்லோரையும் அதற்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். எடுத்து முடிய அந்தத் தாள்களைச் சுருட்டித் தங்கள் வான் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். எங்கள் குழு எழுதியதை நான் கேட்டுப் போனில் படம் பிடித்ததால் என்னிடம் இருக்கிறது. மற்றக் குழுக்களுக்கு அதுவும் இல்லை. இன்னொரு பெரிய குறை, மாவட்டத்தில் 17 சபைகள் இருக்கின்றன, உறுப்பினர்கள் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள், ஆனால் பாதீட்டை இருந்து எழுதுகிற செயலாளர்களையோ நிதிப்பகுதி உத்தியோகத்தர்களையோ கூப்பிடவே இல்லை என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மாவின் தாள் முதலில் போய்ச் சேர வேண்டிய மேசை அது.

சாப்பாடு பரவாயில்லை. மரக்கறிப் பார்சல், கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது, அப்பளம் நமத்துப்போயிருந்தது. ஆனால் முடிந்து வரும்போது அன்ரியும் நானும் இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற அம்மாச்சி உணவகத்தில் இறங்கிக் கொழுக்கட்டையும் பிளேன் ரீயும் எடுத்தோம், அதுதான் அன்றைக்குச் சாப்பாடு. அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. மாகாண விவசாயத் திணைக்களத்தின் கீழ் நடக்கிற இடம், தெற்கில் ஹெல பொஜுன் என்று இருப்பதன் எங்கள் பக்கத்து வடிவம், பெண்கள் தங்கள் கையால் சமைத்துத் தாங்களே விற்கிறார்கள். அரசாங்கக் காசு ஒரு பெண்ணின் கைக்கு அன்றாடம் வருமானமாக மாறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குமுன் வரிசையில் நின்று பார்க்கலாம். இரண்டு நாளும் சுவீடன், பிலிப்பைன்ஸ் என்று சுற்றினார்களே, மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற இதை ஒருவரும் சொல்லவில்லை. அன்ரி இரண்டாவது பிளேன் ரீ கேட்டார். இங்கே மலசலகூடம் எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

அடுத்த தொகுதி டிசம்பருக்கு முன் நடக்கும் என்றார்கள். சபைகளின் பாதீடு நிறைவேறுகிற காலம் அது, ஆகவே நேரம் சரி. போக நினைக்கிறவர்கள் முதல் நாள் பத்து மணிக்குப் போனால் ஒன்றும் குறையாது. இரண்டாம் நாள் காலையில் அந்தக் கணக்காளர் அம்மா வருகிறாரா என்று பதிவு செய்ய முதல் கேட்டு உறுதிப்படுத்துங்கள், அவர் இல்லையென்றால் 1,500 ரூபாவை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். உங்கள் சபையின் போன வருடப் பாதீட்டில் நாலு பக்கமாவது போட்டோக் கொப்பி எடுத்துக்கொண்டு போங்கள், கற்பனைத் தாளை விட அதில் செய்து பார்ப்பது நல்லது. கண்ணாடியை மறக்க வேண்டாம், எழுத்து அவ்வளவு சின்னன்.