மூட்டையில் வரும் தார்க்கலவை: குழிக்குச் சரி, சாலைக்கு?

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் ஹாட் மிக்ஸ் (சூடான தார்க்கலவை) பிளான்ட்காரர்கள் போனையே எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் ஒரு டிப்பர் லோடுக்குக் குறைந்து பேச்சே கிடையாது. நமக்கு லேஅவுட் வாசலில் இருப்பதோ நாலைந்து குழி. அந்த நேரத்தில் கைகொடுப்பது 25 கிலோ மூட்டையில் வரும் ரெடிமேட் கோல்டு மிக்ஸ்தான். தாம்பரம் பக்கம் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இதை வாங்கிப் போட்டு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டியாகிவிட்டது.

மூட்டையைப் பிரித்தால் மண்ணெண்ணெய் வாடை, உள்ளே கறுகறுவென்று பளபளக்கும் சின்ன ஜல்லி. சாதாரணத் தார்க்கலவையைச் சுமார் 150 டிகிரிச் சூட்டில் கொண்டுவந்து, ஆறுவதற்குள் ரோலர் ஓட்டிவிட வேண்டும். இதில் தாரைக் கரைப்பான் சேர்த்து இளக்கி வைத்திருப்பதால் அடுப்பும் வேண்டாம், ரோலரும் வேண்டாம், மண்வெட்டியும் திமிசுக்கட்டையும் போதும். வசதி அதுதான், வம்பும் அதுதான். மூட்டைக்குள் மாதக்கணக்கில் இறுகாமல் இருக்க எது உதவுகிறதோ, அதுவேதான் குழிக்குள் போன பிறகும் பல நாளைக்கு அதை இளக்கமாகவே வைத்திருக்கிறது. மேலே காய்ந்தாற்போல் தெரியும், கட்டைவிரலால் அழுத்தினால் பதியும்.

விலை கடிக்கும். கிலோ கணக்குப் பார்த்தால் ஹாட் மிக்ஸைப்போல் மூன்று நாலு மடங்கு. ஒரு மூட்டையை இரண்டு அங்குலக் கனத்தில் போட்டால் ஏறக்குறைய இரண்டரை சதுர அடிதான் வரும், ஆகவே குழியை அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

"தண்ணீர் நின்றாலும் அப்படியே கொட்டலாம்" என்று மூட்டையில் எழுதியிருக்கிறது. ஒரு குழியில் அப்படியே கொட்டி இடித்தோம். பக்கத்துக் குழியில் மட்டும் மேஸ்திரி ஒருவரை வைத்து, ஓரத்தை உளியால் சதுரமாக வெட்டி, சேற்றை வாரி, தண்ணீரை இறைத்து, பழைய சாலை மட்டத்துக்கு அரை அங்குலம் தூக்கலாகப் போட்டோம். சுத்தமாகப் போட்டது கோடை முடிந்த பிறகும் கிண்ணென்று இருக்கிறது. கொட்டி இடித்த குழியும் உடனே பெயர்ந்துவிடவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஓரம் மட்டும் ஜல்லி ஜல்லியாகக் கழன்று வந்தது. பைக் அதிகம் போகும் இடம் என்றால் அந்த உதிரி ஜல்லியே சறுக்கிவிடும், பெருக்கி எடுத்துவிடுங்கள்.

முழுக்கத் தோற்றது கேட்டுக்கு நேரே இருக்கும் வளைவில். தண்ணீர் லாரி அங்கேதான் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை ஒடிக்கும். மே மாத வெயிலில் அந்த ஒட்டு அப்பளம்போல் ஒரு பக்கம் மேடுதட்டிவிட்டது. அமெரிக்காவில் 1950களின் கடைசியில் லாரிகளை ஓட்டி ஓட்டிச் சாலையைச் சோதித்ததில் கிடைத்த கணக்கு ஒன்று உண்டு: ஓர் அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. நம் கார்களும் ஸ்கூட்டர்களும் சேர்ந்து செய்யும் சேதம் தண்ணீர் நிறைந்த ஒரு லாரிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த வளைவுக்கு இந்த மூட்டை சரிப்படாது. 80 மில்லிமீட்டர் பேவர் பிளாக் போடலாம் (நடைபாதைக்குப் போடும் 60 மில்லிமீட்டரைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம்), குழாய் பதிக்கத் தோண்ட வேண்டி வந்தாலும் கல்லைப் பெயர்த்து மறுபடி அடுக்கிக்கொள்ளலாம். கான்கிரீட் அதைவிட உழைக்கும், ஆனால் ஒரு தடவை வெட்டினால் அந்தத் தழும்பு போகவே போகாது, பாதாளச் சாக்கடை இன்னும் வராத ஏரியாவில் அதைப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு குழி இருக்கிறது, அதற்கு இதுவரை போட்ட மூட்டைகளை எண்ணிப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அதே இடம்தான். அங்கே குழி நோய் இல்லை, நோயின் அடையாளம். சாலை போட்ட கான்ட்ராக்டர் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே ஒரு கோட் இழுத்துவிட்டுப் போனார், நடுவிலிருந்து ஓரத்துக்குப் பத்தடிக்கு மூன்று அங்குலமாவது இருக்க வேண்டிய சரிவு எங்கேயும் இல்லை, ஓரத்து வடிகாலின் வாயோ சாலையைவிட உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் அங்கேயே நிற்கும், விரிசல் வழியாக உள்ளே இறங்கும், மேலே டயர் ஏறும்போதெல்லாம் அடியில் இருக்கும் மண்ணைக் கரைத்து வெளியே தள்ளும். ஜல்லியை விட்டுத் தார் பிரிவதும் இந்தத் தண்ணீரால்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் கழிவை உருக்கிப் பூசும் முறையைக் கொண்டுவந்தாரே, அதிலும் முக்கியமான பலன் தண்ணீர் ஜல்லிக்கும் தாருக்கும் நடுவே நுழைய முடியாமல் போவதுதான். அடித்தளமே கரைந்த இடத்தில் மேலே எந்தப் பிராண்டைக் கொட்டினாலும் சேற்றின் மேல் கொட்டியதுதான். அங்கே ஜல்லி வரைக்கும் தோண்டி, வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துப் பிசைந்த ஜல்லிக் கலவை) போட்டு இறுக்கி, வடிகாலின் வாயை இறக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் அதற்கு எஸ்டிமேட்டைக் காட்டினால் "இவ்வளவா?" என்கிறார்கள், மூட்டைக்கு மட்டும் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். அடித்தளம் திடமாக இருந்து மேல்தார் மட்டும் பெயர்ந்த குழிக்கு, மழை நடுவே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். திருப்பத்துக்கும் தண்ணீர் தேங்கும் இடத்துக்கும் வேண்டாம். வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள், மூட்டையைக் கையால் அமுக்கிப் பாருங்கள், கல்லாகக் கெட்டித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாதி மூட்டை மிஞ்சினால் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டி நிழலில் வையுங்கள், அடுத்த குழிக்கு ஆகும்.