பொறுமைக்கும் கெடு தேதி உண்டு: இளம் ஹாக்கி ஆட்டக்காரர்களை எடைபோட நான்கு தளங்கள்

இருபத்தொரு வயதுப் பையன், 30 ஆட்டம், ஒரே ஒரு கோல். வைத்திருக்கலாமா, விற்றுவிடலாமா? வட அமெரிக்காவின் முதல்நிலை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டும் ஊர்களில் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை. ஒரு கட்சி 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறது. மறுகட்சி 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்கிறது. பஃபலோ சேபர்ஸ் ரசிகர்கள் 2011க்குப் பிறகு 2025 வரை 14 சீசன் தொடர்ந்து பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்று) பார்க்காமல் பொறுத்தார்கள், பூமி வரவில்லை. அதே பஃபலோவில்தான் டேஜ் தாம்ப்சன் 2020-21இல் 38 ஆட்டத்தில் 14 புள்ளி எடுத்துவிட்டு, இரண்டு சீசன் கழித்து 47 கோல், 94 புள்ளி என்று நின்றார்.

இரு தரப்பும் கையில் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரே எண்: கோலையும் அசிஸ்டையும் (கோலுக்கு வழிவிட்ட பாஸ்) கூட்டிய புள்ளி. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதைக் காட்டும் தளங்கள் சில உண்டு. அவற்றில் நான்கை இங்கே எடைபோடுகிறோம். நான்கிலும் அடிப்படைப் பக்கங்களுக்குக் காசு வேண்டாம்.

எலீட் பிராஸ்பெக்ட்ஸ்

சுவீடனில் தொடங்கிய தளம். எந்த நாட்டு லீக்காக இருந்தாலும், சிறுவர் அணியிலிருந்தே ஒரு ஆட்டக்காரரின் வரலாறு சீசன் வாரியாக ஒரே அட்டவணையில் கிடைக்கும். இடப்பக்கம் வழக்கமான ஆட்டங்கள், வலப்பக்கம் பிளேஆஃப். மேலே பிறந்த தேதி, உயரம், எடை, எந்தக் கைப்பக்கம் அடிப்பவர், எந்த ஆண்டு எந்த இடத்தில் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) எடுக்கப்பட்டார் என்பதெல்லாம் இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது புள்ளி அல்ல, பிறந்த தேதி. டிராஃப்டுக்கான வயதுக் கோடு செப்டம்பர் 15. அதற்கு ஒரு நாள் பின்னால் பிறந்தவர் அடுத்த ஆண்டுக்குப் போய்விடுவார். ஆகவே ஒரே டிராஃப்டில் எடுக்கப்பட்ட இருவருக்குள் ஏறக்குறைய ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். வேறு வேறு டிராஃப்டில் வந்த இருவர் கிட்டத்தட்ட ஒரே வயதாகவும் இருக்கலாம். ஜாக் ஹியூஸ் 2019இல் முதல் இடம், அலெக்சிஸ் லாஃப்ரெனியேர் 2020இல் முதல் இடம். ஒரு டிராஃப்ட் இடைவெளி. ஆனால் ஹியூஸ் பிறந்தது 2001 மே, லாஃப்ரெனியேர் 2001 அக்டோபர். ஐந்தே மாதம்! 'ஹியூஸுக்கு ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது' என்று வாதாடுகிறவர்கள் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை.

அடுத்தது ஒரே சீசனுக்குள் எத்தனை வரிசை இருக்கிறது என்பது. ஷேன் ரைட்டின் 2022-23ஐத் திறந்தால் என்எச்எல்லில் 8 ஆட்டம், ஏஎச்எல், கனடிய ஜூனியர் லீக்கான ஓஎச்எல், உலக ஜூனியர் போட்டி என்று வரிசை வரிசையாக இருக்கும். ஏஎச்எல் என்பது நம் கணக்கில் ரஞ்சி மாதிரி, என்எச்எல்லுக்கு ஒரு படி கீழே. அப்படியானால் பையனை அங்கேயே விட்டுப் பழக்கியிருக்கலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கேதான் விதி குறுக்கே நிற்கிறது. கனடிய ஜூனியர் லீக்குகளிலிருந்து வந்த 18, 19 வயதுக்காரரை, சில விலக்குகள் தவிர, ஒன்று என்எச்எல்லில் வைத்திருக்க வேண்டும், அல்லது ஜூனியருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். நடுவில் இருக்கும் ஏஎச்எல் மூடிய கதவு. சீசன் நடுவே உடல்தகுதிக்கென்று சில ஆட்டங்களுக்கு அனுப்பலாம், அவ்வளவே. ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு இந்தத் தடை இல்லை. 'பயிற்சியாளர் பையனை அலைக்கழிக்கிறார்' என்ற புகார் பலமுறை இந்த விதியின் மீது போக வேண்டியது. ரைட் 2023-24இல் பெரும்பகுதி ஏஎச்எல்லில் ஆடி 22 கோல் அடித்தார். அடுத்த சீசனில் சியாட்டில் அணிக்கு 79 ஆட்டத்தில் 44 புள்ளி.

தளத்தின் குறை என்னவென்றால், பிரதான அட்டவணையில் ஆட்ட நேரம் கிடையாது. 12 நிமிடம் ஆடி எடுத்த புள்ளியும் 20 நிமிடம் ஆடி எடுத்த புள்ளியும் பார்க்க ஒன்றாகவே இருக்கும். யூரை ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் 2021-22 வரிசை இந்தக் குறைக்குச் சரியான சாட்சி. பின்லாந்தின் முதல்நிலை லீக்கில், பெரியவர்களோடு, 31 ஆட்டத்தில் 10 புள்ளி. அதே குளிர்காலத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஸ்லோவாக்கியாவுக்கு 7 ஆட்டத்தில் 7 கோல், வெண்கலம், தொடரின் சிறந்த ஆட்டக்காரர். இரண்டில் எது அந்தப் பையன்? அட்டவணை சொல்லாது.

லீக்குகளுக்கு இடையே ஒப்பிட ஒரு கைக்கணக்கு உண்டு. ஓஎச்எல், டபிள்யூஎச்எல் ஆகிய ஜூனியர் லீக்குகளின் புள்ளிகளைச் சுமார் 0.3ஆலும், ஏஎச்எல் புள்ளிகளைச் சுமார் 0.45ஆலும் பெருக்குவது பழைய வழக்கம். ஓஎச்எல்லில் 60 ஆட்டத்தில் 60 புள்ளி எடுத்தவர், 82 ஆட்ட என்எச்எல் சீசனில் ஏறக்குறைய 25 எடுக்கக்கூடும் என்று ஆகிறது. கணிப்பவருக்குக் கணிப்பவர் இந்தப் பெருக்கெண் மாறும். 17 வயதில் எடுத்த 60க்கும் 19 வயதில் எடுத்த 60க்கும் ஒரே விடை தருவதுதான் இதன் பெரிய ஓட்டை. எனவே வயதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளாமல் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

நேச்சுரல் ஸ்டாட் டிரிக்

பார்வைக்கு அழகே இல்லாத தளம். வெறும் எண் காடு. ஆனால் என்எச்எல் ஆட்டங்களுக்கு, எலீட் பிராஸ்பெக்ட்ஸில் விட்டுப்போன ஆட்ட நேரம் இங்கே நிமிடத்துக்கு நிமிடம் இருக்கிறது. ஸ்கேட்டர்கள் (கோல்கீப்பர் அல்லாதவர்கள்) பட்டியலில், இரு பக்கமும் ஐந்து பேர் ஆடும் ஐந்துக்கு ஐந்து நிலையைத் தேர்ந்தெடுங்கள். மொத்த எண்ணிக்கையை விட்டு, 60 நிமிட விகிதத்துக்கு மாற்றுங்கள். குறைந்தபட்ச ஆட்ட நேரத்தை 200 நிமிடமாவது வையுங்கள். இல்லையென்றால் மூன்று ஆட்டம் ஆடியவர் பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருப்பார்.

பார்க்க வேண்டியவை மூன்று: அடித்த ஷாட் எத்தனை, அதில் எத்தனை சதவீதம் கோலானது, பவர் பிளேயில் (தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) எவ்வளவு நேரம் கிடைத்தது. முதல் வரியில் சொன்ன 30 ஆட்டம், ஒரு கோல் என்பது மான்ட்ரியால் ஆட்டக்காரர் கோல் (Cole) காஃபீல்டின் 2021-22 கணக்கு. பிப்ரவரியில் பயிற்சியாளர் மாறி மார்ட்டின் செயின்ட் லூயி வந்ததும் மீதி 37 ஆட்டத்தில் 22 கோல். பையன் ஒரே இரவில் கற்றுக்கொண்டுவிடவில்லை. ஷாட் எண்ணிக்கை விழாமல் சதவீதம் மட்டும் பாதாளத்தில் கிடந்தால் பொறுக்கலாம். ஷாட்டே வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டும்.

லாஃப்ரெனியேர் கதை வேறு. நியூயார்க் ரேஞ்சர்ஸில் முதல் பவர் பிளே வரிசை (சேர்ந்து களமிறங்கும் குழு) பனாரின், கிரைடர், சிபனெஜாட், ஃபாக்ஸ் என்று ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பந்தியில் இடம் இல்லாதவனை ஏன் சாப்பிடவில்லை என்று கேட்ட மாதிரிதான் அவர்மேல் வந்த விமர்சனத்தில் பாதி. முதல் மூன்று சீசனில் 21, 31, 39 புள்ளி. பனாரின், டிரோசெக் வரிசையில் நிலைத்த 2023-24இல் 57. அடுத்த சீசனில், ஏழு ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, 45க்கு இறங்கினார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'பார்த்தீர்களா, பொறுத்தோம்' என்று கொண்டாடியவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தளத்தில் கூட்டாளிகளின் தரத்தைப் பிரித்துப் பார்க்க லைன் கருவி இருக்கிறது: அவரும் இவரும் சேர்ந்து ஆடியபோது என்ன, தனித்தனியாக ஆடியபோது என்ன என்று தரும். புதியவர்கள் தவறு செய்வது இங்கேதான். 40 நிமிடத் தரவை வைத்து வரிசையை மாற்றச் சொல்லிக் கூச்சல் போடுவார்கள்.

பக்பீடியா

நான்கில் மிகப் பயனுள்ளது இதுதான். திறமையை அளக்கும் தளமே அல்ல இது. ஒப்பந்தங்களை வரிசைப்படுத்தும் தளம். ரசிகர்களின் பொறுமை எவ்வளவு நீண்டாலும், அணியின் பொறுமை ஒப்பந்தத் தேதியில் முடிகிறது.

இதற்கு முன்னோர்கள் உண்டு. ஜெனரல் ஃபேனேஜர் 2016இல் மூடப்பட்டது, அதை நடத்தியவரை வேகாஸ் கோல்டன் நைட்ஸ் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கேப்ஃபிரண்ட்லியை வாஷிங்டன் கேப்பிடல்ஸ் வாங்கி 2024 ஜூலையில் பொதுமக்களுக்கு மூடிவிட்டது. நன்றாக நடக்கும் தளத்தை ஒரு அணியே விழுங்கிவிடும் என்ற பயம் பக்பீடியாவைப் பயன்படுத்தும்போதும் இருக்கத்தான் செய்கிறது. முக்கியமானவற்றை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ஆட்டக்காரர் பக்கத்தில் மூன்று விஷயம் தேடுங்கள்.

ஒன்று, முதல் ஒப்பந்தம் எப்போது முடிகிறது. 18 முதல் 21 வயதுக்குள் கையெழுத்திட்டால் அது மூன்று ஆண்டு. 18 அல்லது 19 வயதுக்காரர் அந்த சீசனில் என்எச்எல்லில் 10 ஆட்டத்துக்குக் குறைவாக ஆடினால் ஒப்பந்தம் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். 'ஒன்பது ஆட்டம் ஆட வைத்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களே' என்று கொதிப்பவர்களுக்கு விடை இதுதான்.

இரண்டு, வேவர் விலக்கு. வேவர் என்பது கீழே அனுப்பும் ஆட்டக்காரரை முதலில் மற்ற அணிகளின் முன் வைக்கும் விதி. விலக்கு இருக்கும்வரை பையனை ஏஎச்எல்லுக்கு அனுப்பி எடுக்கலாம். அது தீர்ந்தபின் கீழே அனுப்பினால் வேறு எந்த அணியும் ஈடு எதுவும் தராமல் தூக்கிக்கொள்ளலாம். 18 வயதில் கையெழுத்திட்டவருக்கு 5 ஆண்டு அல்லது 160 என்எச்எல் ஆட்டம், எது முந்துகிறதோ அது. 19க்கு 4 ஆண்டு, 20க்கு 3. 18, 19 வயதிலேயே ஒரு சீசனில் 11 ஆட்டம் ஆடிவிட்டால் இந்தக் காலம் மூன்று ஆண்டாகச் சுருங்கும். கோல்கீப்பர்களுக்குக் கணக்கு வேறு.

இந்தக் கடிகாரத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈலி டோல்வனன். 2017இல் நாஷ்வில் முதல் சுற்றில் எடுத்த பையன், 18 வயதில் ரஷ்ய லீக்கில் 19 கோல் அடித்தவர். 2022 டிசம்பரில் நாஷ்வில் வேவரில் விட்டது, சியாட்டில் எடுத்துக்கொண்டது. மீதி 48 ஆட்டத்தில் 16 கோல். நாஷ்வில்லுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. அதற்கு ஒரு வருடம் முன்பே சுமாரான விலைக்கு விற்றிருந்தாலும் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

மூன்று, ஒப்பந்தம் முடியும்போது மற்ற அணிகள் விலை பேச முடியுமா. 2024 ஆகஸ்டில் எட்மன்டனின் ஹாலோவே, ப்ரோபெர்க் இருவருக்கும் செயின்ட் லூயிஸ் ஒரே நேரத்தில் ஆஃபர் ஷீட் (வேறு அணி நீட்டும் ஒப்பந்தம்) நீட்டியது. எட்மன்டன் இரண்டுக்கும் அதே விலை கொடுத்துத் தக்கவைக்கவில்லை. ஈடாக வந்தவை டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு, ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வு. ஹாலோவே அடுத்த சீசனிலேயே 77 ஆட்டத்தில் 63 புள்ளி. எட்மன்டன் பொறுமை இழந்ததா என்றால் இல்லை. சம்பள வரம்பில் இடம் இல்லாதபோது தேதி வந்துவிட்டது.

இதற்கு நேர் எதிர் நியூ ஜெர்சி. முதல் இரண்டு சீசனில் 117 ஆட்டத்தில் 52 புள்ளி மட்டுமே எடுத்திருந்த ஹியூஸுக்கு 2021 நவம்பரில் ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் வீதம் எட்டு ஆண்டு கொடுத்தார்கள். அன்றைக்குக் கேலி. 2022-23இல் அவர் 99 புள்ளி. மான்ட்ரியாலும் ஸ்லாஃப்கோவ்ஸ்கிக்கு, நீட்டிப்பு பேச விதி அனுமதிக்கும் முதல் நாளான 2024 ஜூலை 1 அன்றே, ஆண்டுக்கு 76 லட்சம் வீதம் எட்டு ஆண்டு எழுதிவிட்டது. முதல் சீசனில் 39 ஆட்டம், 10 புள்ளி. இரண்டாவதில் 82 ஆட்டம், 50 புள்ளி. மூன்றாவதற்குக் காத்திருந்தால் விலை என்ன ஆகியிருக்கும் என்பதைப் பையனின் முகவரிடம்தான் கேட்க வேண்டும்.

டேங்கத்தான்

டிராஃப்டில் யார் முதலில் எடுப்பது என்பதை, தோற்ற அணிகளுக்குக் கூடுதல் வாய்ப்பு தந்து தீர்மானிக்கும் குலுக்கலான டிராஃப்ட் லாட்டரியை நடத்திப் பார்க்கும் பொத்தான் உள்ள தளம். எந்த அணியின் தேர்வு யார் கையில் இருக்கிறது என்று சுருக்கமாகப் பார்க்க வசதி. மற்றபடி விளையாட்டுச் சாமான். 14 பந்து, நான்கு எண் சேர்க்கை, மொத்தம் 1001 வகை. கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25.5 சதவீதம். ஒரு அணி அதிகபட்சம் 10 இடம் ஏறலாம். 2025இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் 3.5 சதவீத வாய்ப்போடு பத்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறி மேத்யூ ஷேஃபரை எடுத்தது. கடைசியில் கிடந்த சான் ஹோசேக்கு இரண்டாம் இடம். தோற்கத் தோற்க நல்லது என்று நம்புகிறவர் இந்தப் பொத்தானை இருபது முறை அழுத்தட்டும். ஏறக்குறைய நான்கில் மூன்று முறை அவர் அணி ஏமாறும்.

காசு கட்டுவதாக இருந்தால் எலீட் பிராஸ்பெக்ட்ஸின் சந்தாவுக்குக் கட்டலாம், அதுவும் டிராஃப்ட் நடக்கும் ஜூனை ஒட்டி. தேர்வாளர்களின் அறிக்கை அப்போதுதான் படிக்க மதிப்புள்ளது. பக்பீடியாவைக் கைபேசியைவிடக் கணினியில் திறப்பதே நல்லது. அகலமான ஒப்பந்த அட்டவணையைச் சின்னத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது ஆண்டுத் தலைப்பு கண்ணை விட்டுப் போய், 2027இன் எண்ணை 2026க்கு வாசித்துவிட நேரும்.