மே மாதத்தில் போர்வை

சிங்கப்பூரிலிருந்து மே மாதம் மானாமதுரைக்குப் போனால் முதல் வேலையே ஃபேனுக்கு அடியில் இடம் பிடிப்பதுதான். இந்த முறை மாமா வீட்டுக் கூடத்தில் ஃபேன் ஓடவில்லை. மாமா போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். "குளிருது மாப்ளே." குரல் கரகரத்தது, முகம் உப்பியிருந்தது.

"கரண்ட் வச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்றார் அத்தை. கன்னத்தில் புற்று வந்து, ஆபரேஷன் முடிந்து, இரண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் 30 நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் செலவு பெரிதாக இல்லை. செக்கப்பையும் மாமா ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை.

எனக்குப் பொறி தட்டியது ஆபீஸ் நண்பர் ஒருவரால். சிங்கப்பூர்ச் சீனர். அங்கே சீன ஆண்களிடம் அதிகம் காணப்படும் மூக்குத் தொண்டைப் புற்று அவருக்கும் வந்தது. செக்கப் போகும்போதெல்லாம் தைராய்டுக்கும் ரத்தம் எடுக்கிறார்கள் என்று புலம்புவார். கழுத்து நெறிகளுக்குக் கொடுக்கும் கதிர் பக்கத்திலிருக்கும் தைராய்டையும் சுட்டுவிடும். அது உடனே படுத்துவிடாது. மாதங்களோ வருஷங்களோ கழித்து மெல்ல மெல்லச் சுரப்பு குறையும். குளிர், குரல் கரகரப்பு, முகம் உப்புவது எல்லாம் அதனால் வரலாம். அதனால்தான் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். என்ற ரத்த டெஸ்ட் பார்க்கச் சொல்கிறார்கள். தைராய்டு சுரப்பு குறைந்தால் இந்த எண் ஏறும்.

மாமாவின் ஃபைலைப் புரட்டினேன். ஸ்கேன் இருந்தது, பல் இருந்தது, எடை இருந்தது. டி.எஸ்.எச். எங்கேயும் இல்லை.

நம்மூரில் டெஸ்ட் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. போன் பண்ணினேன், மறுநாள் காலை ஆறரைக்கு லேப் தம்பி பைக்கில் வந்து ரத்தம் எடுத்துப் போனார். டாக்டர் சீட்டுகூடக் கேட்கவில்லை. 300 ரூபாய். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிசல்ட்: 62. நாலைந்துக்குள் இருக்க வேண்டியது!

அடுத்த செக்கப்புக்கு நானும் போனேன். மூன்று மணி நேரக் காத்திருப்பு, உள்ளே மூன்று நிமிஷம். டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார், கழுத்தைத் தடவி நெறி இருக்கிறதா என்று பார்த்தார். இரண்டு வருஷமாக அந்த விரல்கள் தைராய்டுக்குப் பக்கத்திலேயே போய்வந்திருக்கின்றன. ரிசல்ட்டைக் காட்டியதும் தயங்காமல் மாத்திரை எழுதினார். நல்ல மனுஷர்தான். வெளியே அத்தனை கூட்டத்தை வைத்துக்கொண்டு எதையெல்லாம் ஞாபகம் வைப்பார்? முதல் நாளே ஃபைல் அட்டையில் 'தைராய்டு' என்று ஒரு கட்டம் அச்சடித்து, தேதி போட இடம் விட்டிருந்தால் போதும். கேட்டேன். சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்து, அட்டையில் '6 மாதத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச்.' என்று எழுதிக் கொடுத்தார்.

வெறும் வயிற்றில் மாத்திரை, அப்புறம் அரை மணி நேரம் காப்பி கிடையாது. புற்றுக்குக்கூட இவ்வளவு கோபப்படாத மாமா இதற்குக் கோபப்பட்டார். ஊர் திரும்பும் அன்று காலை அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, தலைக்கு மேல் ஃபேன் இன்னும் நின்றபடியேதான் இருந்தது. மாத்திரை பிடிக்க நாளாகுமாம். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். லேப் தம்பியிடம் என் வாட்ஸ்அப் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.