மரச்சட்ட மோரிஸும் முதுநகர்ப் படகுத் தச்சரும்: ஒரு பட்டறை மதிப்புரை

மோரிஸ் மைனர் டிராவலர் என்ற பழைய ஆங்கிலேயக் காரின் பின்பாதியில் தெரியும் மரம் அழகுக்காகப் பதிக்கப்பட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தோடு வேலையைத் தொடங்குகிறவர்கள் அதை யாரிடம் ஒப்படைப்பது என்பதிலேயே வழி தவறிவிடுகிறார்கள். 1953 அக்டோபரில் வெளிவந்து 1971 வரை தயாரிக்கப்பட்ட அந்த எஸ்டேட் காரில், அதாவது பின்புறம் சாமான் ஏற்றும் அறையுள்ள காரில், முன்பகுதி வழக்கமான இரும்புத் தகட்டு உடல். முன்கதவுக்குப் பின்னால் தொடங்கும் பகுதியோ ஆஷ் (ash) என்ற ஐரோப்பிய மரத்தாலான சட்டத்தின் மீது நிற்கிறது. கூரை, பக்கவாட்டு அலுமினியத் தகடுகள், நழுவும் கண்ணாடிகள், பின்புறத்து இரட்டைக் கதவுகள் ஆகிய எல்லாவற்றின் பாரமும் அந்தச் சட்டத்தின் மேல்தான் இறங்குகிறது. இங்கிலாந்தின் வாகனத் தகுதிச் சோதனையில் இந்த மரம் இற்றுப்போயிருப்பது வண்டியை நிராகரிக்கப் போதுமான காரணமாகக் கொள்ளப்பட்டதும் அதனால்தான். புதுச்சேரியில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் 1954ஆம் ஆண்டு வண்டிக்கு, 803 சிசி எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதைவிட இந்த மரவேலையே பெரிய வேலையாக இருந்தது. அதைச் செய்துகொடுத்த கடலூர் முதுநகர்ப் படகுத் தச்சர் பட்டறையைப் பற்றியதே இந்த மதிப்புரை. தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், உப்பனாற்றங்கரையில் மரப்படகு பழுதுபார்க்கும் பட்டறைகளுள் ஒன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் புதுச்சேரியிலேயே விசாரித்தேன். மரச்சாமான் செய்யும் ஒரு பட்டறையில், உளுத்த இடங்களைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பசையும் மரத்தூளும் கலந்து அடைத்து, மேலே மெல்லிய தேக்குப் பட்டை ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். பார்வைக்கு அது நன்றாகவே இருந்திருக்கும்; ஆனால் உள்ளே பாரம் தாங்க எதுவும் இருந்திருக்காது. தகட்டு வேலை செய்கிற ஒருவர், மரத்தையே அகற்றிவிட்டு இரும்புச் சதுரக் குழாய்களைப் பற்றவைக்கலாம் என்றார். வண்டியின் இயல்பை அழிப்பதோடு நிற்காமல், அந்த யோசனை சட்டச் சிக்கலுக்கும் இடம் தருகிறது. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை வாகனங்களுக்காக 2021இல் மத்திய அரசு வெளியிட்ட பதிவு விதிகளின்படி, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ளவர் மரத்துக்குப் பதிலாக இரும்பை வைப்பது தம் தகுதியைத் தாமே கேள்விக்குள்ளாக்குவதாகும்.

படகுத் தச்சரிடம் போகலாம் என்ற எண்ணம், சேதத்தை ஆராய்ந்தபோதுதான் தோன்றியது. பிரித்த பாகங்களைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தால், அழுகல் எங்கும் பரவலாக இல்லை. தண்ணீர் தேங்குகிற இடங்களில் மட்டும் இருந்தது. கண்ணாடி நழுவும் கம்பளித் தடத்தில் இறங்கும் மழைநீர் அதன் கீழுள்ள மர அடிச்சட்டத்தின் மேல் தங்குகிறது. சக்கர வளைவின் இரு முனைகளிலும் சேறு அடைத்துக்கொள்கிறது. பின்கதவுகளின் கீழ்க் குறுக்குச்சட்டமும் கூரையோரத் தூம்பின் அடியும் அவ்வாறே ஈரம் காக்கின்றன. ஆஷ் மரம் அதிர்ச்சியைத் தாங்குவதில் பெயர்பெற்றது. கோடரிக் காம்புகளுக்கும் வண்டிச் சக்கரங்களுக்கும் ஐரோப்பியர்கள் அதை விரும்பிப் பயன்படுத்தியது அதற்காகவே. ஆனால் ஈரத்தையும் பூச்சியையும் எதிர்க்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. கடற்காற்றும் கரையானும் உள்ள இந்தக் கரையில் அது இவ்வளவு காலம் நின்றதே வியப்புக்குரியது. ஆக, மரத்தை இழைத்துப் பளபளப்பாக்கத் தெரிந்தவரைவிட, தண்ணீர் எங்கே நுழையும், எங்கே தங்கும், எப்படி வெளியேறும் என்று யோசித்துப் பழகிய கைகளே இதற்கு வேண்டும் என்று தெளிவாயிற்று.

அந்த எதிர்பார்ப்பு பொய்க்கவில்லை. ஓடாவிகள் எனப்படும் படகுத் தச்சர்களின் பழக்கங்கள் இந்த வேலைக்கு வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தி வருகின்றன. ஏரா என்ற அடிமரத்தின் மேல் வங்குகள் எனப்படும் விலாச் சட்டங்களை நிறுத்தி, பலகைகளை அவற்றின் மேல் வளைத்துப் பொருத்துகிறவருக்கு, சட்டமும் அதன் மேல் தோலும் என்ற அமைப்பைப் புதிதாக விளக்க வேண்டியிருக்கவில்லை. சக்கர வளைவுக்கான துண்டைக் கையில் எடுத்தவுடன் அவர் பார்த்தது அதன் ரேகை ஓடும் திசையைத்தான். அகலமான ஒரே பலகையில் வளைவை வெட்டினால், நடுவில் ரேகை குறுக்காக அறுந்து, அந்த இடத்தில் முறியும் என்று அவர் எச்சரித்தார். எனவே வளைவைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரேகை வளைவோடு கூடியமட்டும் ஒட்டி ஓடுமாறு மரத்தைத் தேர்ந்தெடுத்து, சாய்வாகச் சீவிய முகங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து இணைத்தார். மரத்தின் தடிமன் ஒரு பங்கென்றால் சாய்வின் நீளம் எட்டுப் பங்கு இருக்க வேண்டும் என்பது படகு வேலையில் பழகிய அளவு. இங்கும் இடம் கிடைத்த இடத்திலெல்லாம் அதையே பின்பற்றினார்.

நான் மிகவும் மதித்தது, அவர் அடிச்சட்டத்தில் செய்த ஒரு சிறிய வேலையை. மூலத்தில் தட்டையாக இருந்த மேல்முகத்தை வெளிப்பக்கமாக இலேசாகச் சாய்த்து இழைத்து, கண்ணாடித் தடத்தின் கீழே நீர் வடியும் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கி, அந்தத் துளைகளின் உட்சுவருக்கும் எபாக்சி என்ற நீர்புகாப் பிசினைப் பூசினார். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு இந்த மாற்றம் தெரியாது. “தண்ணி வர்றதைத் தடுக்க முடியாது சார், போற வழிய விட்டுடணும்” என்றார். மரச்சட்ட வண்டிகளைச் சீர்செய்வது குறித்து நான் படித்த நீண்ட விளக்கங்களின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

மரத்தேர்வில் எங்களுக்குள் கொஞ்சம் பேச்சு நடந்தது. ஆஷ் மரத்தில் இயந்திரத்தால் அறுத்து அளவாக்கிய முழுத் தொகுதி இங்கிலாந்தில் கிடைக்கிறது. மூலத்துக்கு முற்றிலும் உண்மையாக இருக்க விரும்புகிறவருக்கு அதுவே சரி. கப்பல் கட்டணமும் சுங்கமும் ஒருபுறம் இருக்க, அதே மரத்தை அதே ஈரக்காற்றில் மறுபடியும் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. இடிக்கப்பட்ட பழைய வீட்டின் தேக்கு உத்தரங்களை அவர் பரிந்துரைத்தார். பல பத்தாண்டுகள் காய்ந்த மரம் என்பதால் முறுக்குதல், வெடித்தல் பற்றிய அச்சம் குறைவு. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. வைரம் பாயாமல் வெள்ளை தெரிந்த ஓரங்களை அவர் ஈவிரக்கமின்றி அறுத்துத் தள்ளினார். தேக்குக்கு ஒரு குறை உண்டு: அதன் எண்ணெய்ப் பசை ஒட்டும் பொருளைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குச் சற்று முன்பு முகங்களைப் புதிதாக இழைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். இது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன். நிறத்தில் தேக்கு ஆஷைவிடக் கருமையானது. மூலத்தின் வெளிர்மஞ்சள் சாயலை விரும்புகிறவர் இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். அவற்றுள் முதன்மையானது ஆணி பற்றியது. படகில் செம்பு ஆணியும் துத்தநாகம் பூசிய ஆணியும் அடித்துப் பழகிய கை, இங்கும் இயல்பாகச் செம்பையே எடுக்கிறது. ஆனால் இந்த வண்டியின் தகடுகள் அலுமினியம். உப்புக் காற்று உள்ள ஊரில் செம்போ பித்தளையோ அலுமினியத்தைத் தொட்டால், ஈரம் பட்ட இடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரித்துப்போகும். அந்த இரு உலோகங்களும் நேரடியாகத் தொடாதபடி துருவேறா எஃகுத் திருகுகளைப் பயன்படுத்தி, தகட்டுக்கும் மரத்துக்கும் இடையில் இறுகிப்போகாத அடைப்புப் பசையைப் பரப்ப வேண்டும் என்று நான் எடுத்துச் சொன்னபோது, அவர் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார். சொல்லாமல் விட்டிருந்தால் செம்பே போயிருக்கும். வண்டியைக் கொண்டு செல்பவர் இதை முதல் நாளிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. சாதாரண இரும்புத் திருகும் ஆகாது; துருவோடு மரத்தின் சாறு சேர்ந்து கறுப்புக் கறையாக ஊறிவிடும்.

இரண்டாவது, அளவெடுக்கும் முறை. பட்டறையில் வரைபடம் கிடையாது. பழைய துண்டே மாதிரி. பாதி உளுத்துப்போன துண்டை மாதிரியாகக் கொண்டால், உளுத்த அளவும் புதிய மரத்தில் வந்து சேரும். ஆகவே இரண்டு பக்கங்களையும் ஒரே சமயத்தில் பிரித்துவிடக் கூடாது. நாங்கள் கூரையை உள்ளிருந்து முட்டுக்கொடுத்து நிறுத்தி, கதவு வாசலின் மூலைவிட்ட அளவுகளைக் குறித்துக்கொண்டு, இடப்பக்கத்தை மட்டும் முதலில் கழற்றினோம்; சேதம் மிகுந்த இடங்களில் வலப்பக்கத்துத் துண்டின் எதிர்வடிவத்தை ஒட்டுப்பலகையில் வெட்டி, அதை மாதிரியாகக் கொடுத்தோம். பட்டறையில் பாகங்களைச் செய்து, எங்கள் வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்து, இழைக்க வேண்டியதை அங்கேயே இழைத்து முடித்தார்கள். எல்லாப் பாகங்களையும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்து, கதவுகள் இடைவெளி மாறாமல் மூடுகின்றன என்று உறுதியான பின்னரே பசை பூசப்பட்டது. இந்தப் பொறுமைக்காகவே அவர்களை நான் இன்னொருவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

மேற்பூச்சு இந்தப் பட்டறையின் பலம் அன்று. மறைந்திருக்கும் உட்முகங்களுக்கு அவர்கள் முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பூசுகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளின் அருகே இருப்பதால் இது இங்கே எளிதில் கிடைக்கிறது, பூச்சியையும் ஈரத்தையும் நன்றாகத் தடுக்கிறது. தோலில் பட்டால் புண்ணாக்கும். பசை பிடிக்க வேண்டிய இடத்தில் பட்டுவிடவும் கூடாது. வெளிமுகத்துக்கு அவர்கள் அடித்துக் காட்டிய வார்னிஷ் தடிமனாகவும் சீரற்றும் இருந்ததால், அந்தப் பகுதியை நானே எடுத்துக்கொண்டேன். வெயிலைத் தாங்கும் கடல்சார் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் உப்புத்தாளால் தேய்த்து, வெட்டுமுனைகளுக்கு மட்டும் கூடுதல் பூச்சு கொடுத்தேன். நீரை அதிகம் உறிஞ்சுவது மரத்தின் வெட்டுமுனைதான். கடற்கரையில் நிற்கும் வண்டிக்கு இந்தப் பூச்சை ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டும்.

கூலி நாள் கணக்கில்தான். மொத்த ஒப்பந்தமாகப் பேச அவர் ஒப்பவில்லை. உள்ளே எவ்வளவு உளுத்திருக்கிறது என்று பிரிக்கும் முன் யாராலும் சொல்ல முடியாது என்பதால், அதுவே இரு தரப்புக்கும் நியாயம் என்று நான் கருதுகிறேன். மரத்தின் விலையைவிடக் கூலியே அதிகமாயிற்று. ரசீது கேட்டால் கையால் எழுதிய சீட்டுதான் கிடைக்கும். மரத்தை நாமே பார்த்து வாங்கிக் கொடுக்கலாம் என்பது இங்குள்ள நல்ல வழக்கம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்ணாடியிழைப் படகுகள் பெருகி மரவேலை சுருங்கிவிட்ட சூழலில், இத்தகைய வேலையை அந்தப் பட்டறை விருப்பத்தோடு ஏற்கிறது. இளையவர்கள் இருவர் உளியும் இழைப்புளியும் பிடித்துக் கற்றுக்கொண்டிருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது.

போகும் காலத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுதுபார்ப்புக்கு நிற்கும் அந்த 61 நாட்களில் உங்கள் வண்டியை யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள், பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மரம் ஈரம் குடித்துப் பருக்கும். அப்போது இறுக்கமாகச் செய்த பொருத்து கோடையில் தளர்ந்துவிடும். எனவே ஜூன் பிற்பகுதியிலிருந்து செப்டம்பர் முடிவுக்குள் சட்டவேலையை முடித்துவிடுமாறு திட்டமிடுங்கள். கழற்றிய ஒவ்வொரு துண்டிலும் இடம், வலம், மேல், கீழ் என்று அழியாத மையால் எழுதி, பழைய திருகுத் துளைகளை அடைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள். அலுமினியத் தகடுகளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள், படகுகளுக்கு நடுவே அவை நெளிந்துபோகும். பின்கதவுகளை அவர்கள் முதலில் கேட்பார்கள், சிறிய வேலை என்பதால். அவற்றைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும். கதவின் அளவை வாசல்தான் தீர்மானிக்கிறது, வாசலோ சட்டம் முழுவதும் ஒட்டி இறுகிய பின்புதான் நிலைக்கு வருகிறது.